சண்டை பிடிக்க ஆளில்லாத இயங்குதளம்

தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பிளஸ் டூ பிள்ளைகளின் கைக்கு வந்த அந்தக் கணினியில் இரண்டு இயங்குதளங்கள் இருந்தன. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் அதைச் சென்னையில் உருவாக்கி, 2007-இல் முதன்முதலாக வெளியிட்டது. கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் சில வரிகள் தோன்றும். அம்புக்குறி விசையைத் தட்டி, எது வேண்டும் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குச் சில நொடிகள்தான் அவகாசம்.

அந்தச் சில நொடிகளில் பாஸ் தோற்றது. பட்டுக்கோட்டையிலும் மன்னார்குடியிலும் பாபநாசத்திலும் மடிக்கணினி வந்த வாரத்திலேயே அதைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள் பிள்ளைகள். பாட்டு, படம், விளையாட்டு எல்லாம் ஏற்ற வேண்டுமே! கடைக்காரர் ஒரு பார்வை பார்ப்பார். “தம்பி, இந்த பாஸ் சும்மா எடத்த அடைச்சிக்கிட்டுக் கெடக்கு, எடுத்துடவா?” என்பார். பையன் தலையாட்டுவான். சற்று நேரத்தில் வட்டு முழுவதும் வழித்தெடுக்கப்பட்டு, உரிமம் இல்லாத ஒரு விண்டோஸ் அதில் உட்கார்ந்திருக்கும். ஏற்கெனவே இருந்த அசல் விண்டோஸும் சேர்த்தே போயிருக்கும் என்பது அதில் ஒரு வேடிக்கை.

2020 வாக்கில் நின்றுபோவதற்குள் இத்திட்டத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் கொடுக்கப்பட்டன. எளிய குடும்பங்களின் வீட்டுக்குள் லினக்ஸ் இவ்வளவு பெரிய அளவில் நுழைந்தது தமிழ்நாட்டில் அதுவே முதல்முறை. அது ஏன் நிலைக்கவில்லை என்று கேட்டால் வழக்கமான பதில்கள் வரும்: விளையாட்டுகள் ஓடாது, ஆசிரியர்களுக்கே தெரியாது, பிரிண்டர் வேலை செய்யாது. எல்லாம் உண்மைதான். ஆனால் இதே குறைகள் இருந்த காலத்திலேயே லினக்ஸ் வேறு பல ஊர்களில் நிலைத்து நின்றிருக்கிறது. காவிரி டெல்டாவில் அதற்கு இல்லாமல் போனது ஒன்றே ஒன்றுதான். “டேய், அழிக்காதடா, அது உன் விண்டோஸைவிட நல்லாத்தான் இருக்கு” என்று வரிந்துகட்டிக்கொண்டு வர ஓர் ஆள் இல்லை. கட்சி கட்ட ஆளில்லாத இயங்குதளம் கைக்கு வந்தாலும் தங்காது.

பங்காளிகள் பேசித் தீர்த்த கதை

லினக்ஸ் உலகம் சண்டையில் பிறந்தது. 1991-இல் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸின் கருவை (கெர்னல்) வெளியிட்டார். அடுத்த ஜனவரியிலேயே ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டேனன்பாம், இந்த வடிவமைப்பு காலாவதியானது என்று ஊரறியச் சொன்னார். சாதாரண ஆள் இல்லை அவர். மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை எழுதியவர், அவருடைய பாடநூலைப் படித்துத்தான் டோர்வால்ட்ஸே இந்தத் துறைக்கு வந்தார். நீ என் மாணவனாக இருந்திருந்தால் இதற்கு நல்ல மதிப்பெண் வாங்கியிருக்க மாட்டாய் என்கிற வரைக்கும் போனது பேச்சு. டோர்வால்ட்ஸும் விடவில்லை. சூடாகப் பதில் சொன்னார். பிறகு, வார்த்தை தடித்துவிட்டது என்று வருத்தமும் தெரிவித்தார்.

இதன் இரண்டாம் பாகம் பலருக்குத் தெரியாது. 2004-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு அமைப்பைச் சேர்ந்தவர், மினிக்ஸிலிருந்து எடுத்துத்தான் லினக்ஸ் எழுதப்பட்டது என்று நிறுவக் கிளம்பினார். அவருக்கு முதலில் மறுப்புச் சொன்னவர்களில் ஒருவர் டேனன்பாம். லினக்ஸ் டோர்வால்ட்ஸ் சொந்தமாக எழுதியதுதான் என்று அவர் வெளிப்படையாகச் சாட்சி சொன்னார். வடிவமைப்பைப் பற்றிய தன் கருத்தை மட்டும் அவர் அப்போதும் மாற்றிக்கொள்ளவில்லை. பங்காளிக்கு வெளியாள் ஒருவனால் வம்பு வந்தால் பக்கத்தில் போய் நிற்பது. மற்ற நாளெல்லாம் வரப்புத் தகராறைத் தொடர்வது. நல்ல போட்டிக்கு இதுதான் இலக்கணம்.

இன்னொரு சண்டை. 1996-இல் ஜெர்மனியில் கே.டி.இ. என்ற திரைச்சூழல் பிறந்தது. பார்க்க அழகு, ஆனால் அது நின்றது க்யூட்டி என்ற நிரல் தொகுப்பின் மேல். அதன் உரிமமோ முழுச் சுதந்திரம் தருவதாக இல்லை. இதைப் பொறுக்காத மெக்சிகோக்காரர்கள் மிகேல் டே இகாஸாவும் ஃபெடரிகோ மேனாவும் 1997-இல் க்னோம் திட்டத்தைத் தொடங்கினார்கள். இரண்டு முகாம்களும் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று கேலி செய்தன. முடிவில் என்ன ஆனது? நெருக்கடி தாங்காமல் 2000-இல் க்யூட்டி முழுச் சுதந்திரம் தரும் ஜி.பி.எல். உரிமத்துக்கு வந்தது. அதே ஆண்டில் இரு தரப்புக்கும் பொதுவான விதிமுறைகளை வகுக்க ஒரு பொதுத்திட்டமும் உருவானது. அதனால்தான் இன்று க்னோமுக்கு எழுதிய செயலி கே.டி.இ.-யிலும் சீராகப் பொருந்தி ஓடுகிறது. சண்டை இல்லாமல் இருந்திருந்தால் உரிமமும் மாறியிருக்காது, ஒற்றுமையும் வந்திருக்காது.

பி.எஸ்.டி. என்ற இன்னொரு இயங்குதளக் குடும்பத்தையும் சொல்ல வேண்டும். லினக்ஸ்காரர்களைக் கண்டால் முகம் சுளிப்பவர்கள் என்று பெயர் வாங்கியவர்கள் ஓபன்பி.எஸ்.டி. குழுவினர். 1999-இல் அவர்கள் உருவாக்கிய ஓபன்எஸ்எஸ்எச் என்ற பாதுகாப்புக் கருவி வழியாகத்தான் இன்று பெரும்பாலான லினக்ஸ் வழங்கிகளுக்குள் நிர்வாகிகள் நுழைகிறார்கள். எதிர் முகாமின் சிறந்த சரக்கைக் கூச்சமில்லாமல் எடுத்துப் பயன்படுத்துவதும் இந்தப் போட்டியின் ஒரு பகுதி.

டீக்குப் போகிற நேரம்

தமிழ்நாட்டிலும் இந்தக் கேலியும் கூட்டும் உண்டு. சென்னையில் லினக்ஸ் பயனர் குழு 1990-களின் இறுதியிலிருந்து இயங்குகிறது. காஞ்சிபுரத்தில் ஒரு குழு தமிழிலேயே கூடிப் பேசுகிறது. 2012 ஜனவரியில் ‘கணியம்’ இதழ் தொடங்கியபின், கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழில் படிக்க எதுவும் இல்லை என்ற சாக்குப் போய்விட்டது. விழுப்புரத்து குனு/லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்துப் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் வகுப்பெடுத்து வளர்ந்தவர்கள். 2023 ஜனவரியில் டெபியன் என்ற லினக்ஸ் வகையின் மாநாடு ஒன்றையே விழுப்புரத்துக்கு வரவழைத்தார்கள். பெரிய மென்பொருள் நிறுவனம் எதுவும் இல்லாத ஊர் அது. நம் தஞ்சாவூரைவிட எந்த வகையில் வசதி கூடியது என்று யாராவது சொல்லட்டும்.

டெல்டாவிலும் பொறி இல்லாமல் இல்லை. இங்கே ஒரு கல்லூரியில் நடந்த லினக்ஸ் நிறுவல் முகாமில் கேட்ட உரையாடல் இது. ஒரே மேசையில் இரண்டு பையன்கள், ஆளுக்கொரு லினக்ஸ் வகை. ஒருவன் ஒரத்தநாடு பக்கம், உபுண்டுகாரன். மற்றவன் நீடாமங்கலம், ஆர்ச்காரன்.

“என்ன மாப்ள, இன்னும் உபுண்டுதானா? அதுல ஸ்நாப் தொறக்கறதுக்குள்ள நான் டீ குடிச்சுட்டு வந்துடுவேன்.”

“நீ மொதல்ல அப்டேட் போடு மச்சான். திரும்ப பூட் ஆவுதான்னு பாத்துட்டு அப்புறமா டீக்குப் போவலாம்.”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விவரம் தெரிந்தவர்களுக்குத்தான் இதன் காரம் புரியும். உபுண்டுவில் ஸ்நாப் என்ற பொதி முறை வழி வரும் செயலிகள் முதல்முறை திறக்கச் சுணங்கும். ஆர்ச்சில் எல்லாம் சுடச்சுடப் புதிதாக வந்துகொண்டே இருக்கும். அதனால் ஒரு நாள் காலையில் திரையே வராமலும் போகலாம். இருவரும் அடுத்தவன் தளத்தின் பலவீனத்தைத் துல்லியமாக அறிந்திருந்தார்கள். தெரியாத பொருளைக் கேலி செய்ய முடியாதே!

அரைமணி நேரத்தில் ஆர்ச்காரனின் கணினியில் வைஃபை எடுக்கவில்லை. உபுண்டுகாரன் எதுவும் பேசாமல் தன் செல்போனை யு.எஸ்.பி. கம்பியில் செருகி இணையம் கொடுத்தான். மத்தியானம் உபுண்டுகாரனுக்கு ஒலி வரவில்லை. அவன் தீர்வு தேடிப் படித்தது ஆர்ச் திட்டத்தின் கையேட்டில். எந்த லினக்ஸ் பயன்படுத்துபவராக இருந்தாலும், சிக்கல் வந்தால் பலரும் புரட்டுவது அதைத்தான். இரண்டு பேரும் அன்று கற்றுக்கொண்டதை எந்தப் பாடத்திட்டமும் ஒரு பருவத்தில் கற்றுத் தராது.

தமிழ்த் தட்டச்சிலும் இதே கதைதான். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த ‘தமிழ்நெட் 99’ மாநாட்டின் வழி தமிழ்99 விசைப்பலகை வந்தது. அன்றிலிருந்து தமிழ்99-காரர்களும், ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழ் வரவழைப்பவர்களும், பழைய தட்டச்சுப்பொறிப் பழக்கத்தை விடாதவர்களும் மூன்று கட்சியாக நின்று வாதாடுகிறார்கள். அந்த விடாப்பிடியால்தான் லினக்ஸ், விண்டோஸ், செல்பேசி என எதை எடுத்தாலும் மூன்று முறையிலும் அடிக்க இன்று வழி இருக்கிறது. ஒரு கட்சி வாயை மூடியிருந்தால் அந்தக் கட்சியின் விசைப்பலகை காணாமல் போயிருக்கும்.

நெல்லுக்குத் தெரிந்த நியாயம்

இது ஏதோ கணினிக்காரர்களின் வினோதம் என்று டெல்டாவாசிகள் நினைக்க வேண்டியதில்லை. நெல் ரகத்துக்காக நாம் போடாத சண்டையா? சம்பா தொடங்கும் முன் எந்தத் தேநீர்க்கடையில் உட்கார்ந்தாலும் கேட்கலாம். ஒருவர் சி.ஆர். 1009 ஆள். “பள்ளக்கால், தண்ணி நின்னாலும் நிக்கும், அதுக்கு மிஞ்சி என்ன இருக்கு?” என்பார். இன்னொருவர் ஆந்திரா பொன்னி என்று நாம் அழைக்கும் பி.பி.டி. 5204 ஆள். சன்ன ரகம், கொள்முதல் நிலையத்தில் விலை கூட, வெளியிலும் வியாபாரி தேடி வருவான் என்பார். “வரும் வரும், குலைநோயும் சேத்துத்தான் வரும்” என்று பதில் பறக்கும். மூலையிலிருந்து ஒருவர் மாப்பிள்ளைச் சம்பாவுக்காகக் குரல் கொடுப்பார்.

1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் எத்தனையோ ரகங்களை வெளியிட்டிருக்கிறது. வேளாண் விரிவாக்க மையம் மானியத்தில் விதை தருகிறது. ஆனால் எந்த ரகம் வயலில் நிலைக்கும் என்று முடிவு செய்வது இந்த வாக்குவாதம்தான். பக்கத்து வயல்காரர் விடாமல் வாதாடி, அறுத்துக் காட்டி, மூட்டைக் கணக்குச் சொல்லித்தான் ஒரு ரகம் ஊருக்குள் பரவுகிறது.

பகிர்வதிலும் நாம் யாருக்கும் இளைத்தவர்கள் இல்லை. திருத்துறைப்பூண்டி அருகே ஆதிரெங்கத்தில் ‘நெல்’ ஜெயராமன் நடத்திய நெல் திருவிழாவில் ஒரு விதி உண்டு: இரண்டு கிலோ பாரம்பரிய விதை வாங்கிப் போகிறவர், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 2018-இல் அவர் மறைவதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட ரகங்கள் அந்த வழியில் மீண்டும் வயலுக்கு வந்தன. லினக்ஸ் கருவின் ஜி.பி.எல். உரிமம் கேட்பதும் கிட்டத்தட்ட அதையே. எடுத்துக்கொள், திருத்திக்கொள், அடுத்தவருக்குக் கொடு. கொடுக்கும்போது உனக்குக் கிடைத்த அதே உரிமையையும் சேர்த்துக் கொடு. இந்த நியாயத்தைக் கழனியில் ஏற்றுக்கொண்ட மண், கணினியில் மட்டும் ஏன் கைவிட்டது?

கடைத்தெருவில் விழுந்த முட்டுக்கட்டை

காரணத்தைத் தேடி எங்கும் போக வேண்டாம். ஆட்சியர் அலுவலகம், சார்பதிவாளர் அலுவலகம், நீதிமன்றம் இருக்கும் எந்தத் தெருவிலும் உள்ள தட்டச்சு, ஜெராக்ஸ் கடைக்குப் போனால் போதும். டெல்டாவின் கணினி அறிவு முழுவதும் அங்கேதான் இருக்கிறது. பட்டா மாறுதல் மனு, பயிர்க் காப்பீட்டுப் படிவம், கிரயப் பத்திரம், காதணி விழா அழைப்பிதழ் எல்லாம் அந்த மேசையில்தான் பிறக்கின்றன.

அங்கே இன்னும் வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களின் ஆட்சி. இவற்றில் அடித்த தமிழ் உண்மையில் தமிழே இல்லை. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினியின் நினைவில் பதிவாவது ‘எம், கே, அரைப்புள்ளி, கே, எச்’ என்ற ஐந்து ஆங்கிலக் குறிகள். அவற்றின் மேல் தமிழ் முகமூடி போடுவதுதான் எழுத்துருவின் வேலை. அந்த எழுத்துரு இல்லாத கணினிக்குக் கோப்பு போனால் முகமூடி கழன்றுவிடும். மனுவில் ஒரு வரி விளங்காது. பத்தாண்டு மனுக்களும் பத்திர மாதிரிகளும் இப்படிச் சேர்ந்துகிடக்கும் கடைக்காரரிடம் போய் லினக்ஸுக்கு மாறச் சொன்னால், தொழிலை மூடச் சொல்வதாகத்தான் அவருக்குக் கேட்கும். 2010 ஜூனிலேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்து ஆணையிட்டுவிட்டது. ஆணை வெளியான பின்னும் தெரு அப்படியே இருக்கிறது.

இத்தனைக்கும் பழைய எழுத்துருக் கோப்பை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மாணவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் ஒரு கடையின் மாதிரிக் கோப்புகளை மாற்றிக் கொடுத்துவிடலாம். பிரிண்டரும் ஸ்கேனரும்தான் உண்மையான தலைவலி. நம் கடைகளில் பரவலாக இருக்கும் சில லேசர் பிரிண்டர்கள் லினக்ஸில் படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. சில நிறுவனங்கள் தங்கள் பிரிண்டர்களுக்குத் தாமே லினக்ஸ் மென்பொருள் தருகின்றன. எதை வாங்கினால் சிக்கல் இல்லை என்று வாங்கும் முன்பே சொல்ல ஊரில் ஓர் ஆள் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

பள்ளியிலும் இதே நிலைமைதான். முந்தைய பிளஸ் டூ பாடநூலில் ஸ்டார் ஆபீஸ் இருந்தது. 2018-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் விண்டோஸோடு உபுண்டுவையும் ஓபன் ஆபீஸையும் படிக்கிறார்கள். பாராட்ட வேண்டிய மாற்றம். ஆனால் ஆய்வகக் கணினியில் உபுண்டு இல்லாத பள்ளிகளில் அதன் திரைச் சின்னங்களை வரிசையாக மனப்பாடம் செய்து தேர்வு எழுதிவிட்டுப் போகிறார்கள். மனப்பாடம் செய்த இயங்குதளத்துக்காக யாரும் நண்பனோடு சண்டை பிடிக்க மாட்டார்கள்.

ஆணைக்கும் ஆளுக்கும் உள்ள தூரம்

அரசு முயலவில்லை என்று சொல்ல முடியாது. 2000-களின் நடுப்பகுதியில் சி. உமாசங்கர் மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட்டின் நிர்வாக இயக்குநராக இருந்தபோது, அந்த நிறுவனமே விண்டோஸிலிருந்து சூசே லினக்ஸுக்கு நகர்ந்தது. பள்ளிகளுக்கான கணினிகளிலும் லினக்ஸைக் கொண்டுவந்தார். இந்தியாவே திரும்பிப் பார்த்தது. அவர் மாற்றலாகிப் போனதும் அந்த வேகமும் போயிற்று. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்தியபோது, அலுவலகங்களில் பாஸ் லினக்ஸை நிறுவும்படி மாநில அரசு அறிவுறுத்தியது. இன்று டெல்டாவின் எந்த அலுவலகத்தில் பாஸ் இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

எல்லை தாண்டினால் கேரளம். அங்கே 2001-இல் ‘ஐடி@ஸ்கூல்’ திட்டம் தொடங்கியபோது அவர்களும் விண்டோஸில்தான் ஆரம்பித்தார்கள். ஆசிரியர் அமைப்புகளும் மென்பொருள் ஆர்வலர்களும் சும்மா விடவில்லை. ஏன் ஒரே நிறுவனத்தின் பொருளைப் பிள்ளைகள் தலையில் கட்டுகிறீர்கள் என்று கேட்டுக் கேட்டே, சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளைக் கட்டற்ற மென்பொருளுக்குத் திருப்பினார்கள். 2002 வாக்கில் முளைத்த ‘சுதந்திர மலையாளக் கணிமை’ என்ற தன்னார்வக் குழு எழுத்துருக்களைச் செய்து கொடுத்தது. ஆசிரியர்களே பயிற்சியாளர்கள் ஆனார்கள். அந்த அடித்தளத்தின் மேல்தான் 2023 செப்டம்பரில் டெபியனின் உலக மாநாடு கொச்சியில் நடந்தது. அங்கே ஆணையும் இருந்தது. அந்த ஆணைக்கு முன்னும் பின்னும் வாதாட ஆளும் இருந்தார்கள். நம்மிடம் ஆணை மட்டும் இருந்தது.

பாஸ் மோசமான சரக்கு என்று சிலர் சொல்வதுண்டு. பழைய பதிப்புகளில் குறைகள் இருந்தன, மறுக்கவில்லை. ஆனால் பாஸ் என்பது டெபியனை அடியாகக் கொண்டது, உபுண்டுவும் அப்படியே. இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். 2005 முதல் 2011 வரை உபுண்டுவின் குறுந்தகட்டைக் கேட்டு எழுதினால் உலகின் எந்த ஊருக்கும் இலவசமாகத் தபாலில் வந்தது. அதைப் போட்டுப் பார்த்த பையன் பக்கத்துவீட்டுப் பையனிடம் பெருமை பேசினான். அந்தப் பெருமைதான் உபுண்டுவை வளர்த்தது. அரசு கொடுத்ததால் பாஸைப் பற்றிப் பெருமை பேச யாருக்கும் தோன்றவில்லை. ரேஷன் அரிசியைப் போல வாங்கி வைத்தார்கள்.

கேலிக்கும் ஒரு கரை உண்டு

போட்டி வேண்டும் என்று எழுதுகிறவன், அது கெடும் இடத்தையும் சொல்ல வேண்டும். புதிதாக வந்த பெண் ஒருத்தி “தமிழ் எப்படி அடிப்பது?” என்று கேட்டால், “முதலில் கையேட்டைப் படி” என்று முறைக்கும் மூத்தவர்கள் எல்லாக் குழுவிலும் உண்டு. விண்டோஸ் பயன்படுத்துபவரை அடிமை என்றும், உபுண்டுகாரரைப் பொடியன் என்றும் ஏளனம் செய்தால் போட்டி அங்கேயே செத்தது. கேலி சமமானவர்களுக்குள் இருக்க வேண்டும். வாசலில் நிற்பவரைக் கேலி செய்வது விரட்டுவதாகும்.

விண்டோஸ்காரரையும் எதிரியாக்கத் தேவையில்லை. கணக்கு மென்பொருளும் கைரேகைக் கருவியும் விண்டோஸில் மட்டுமே ஓடுகிற இ-சேவை மையத்துக்காரர் மாற முடியாது. அவரை மாறச் சொல்வது நம் அறியாமை. அந்தக் கருவிகளைச் செய்கிறவர்களிடமும் வாங்குகிற அரசிடமும் போய் லினக்ஸுக்கும் கொடு என்று கேட்பதுதான் முறை. டிஸ்ட்ரோ எனப்படும் லினக்ஸ் வகைகள் பெருகிப் போனதால் புதியவர் குழம்புகிறார் என்ற குற்றச்சாட்டிலும் பாதி உண்மை உண்டு. மருந்து, ஓர் ஊரில் முதலில் இரண்டே இரண்டு கட்சி போதும் என்பதே. இரண்டு இருந்தால் ஒப்பிடலாம், வாதாடலாம், ஒன்று கெட்டால் மற்றதற்குத் தாவலாம்.

இப்போது என்ன செய்யலாம்?

காலம் கனிந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லும், ஏறத்தாழ 2017-இறுதிக்குப் பின் வந்த செயலியும் வேண்டும். அரசு கொடுத்த பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவை அந்தத் தகுதிச் சுற்றில் தேறாது. பேட்டரி போய்ப் பரணில் கிடக்கும் அந்தக் கணினிகளுக்கு ஓர் எடை குறைந்த லினக்ஸைப் போட்டால் இன்னும் சில ஆண்டுகள் ஓடும். மறுபுறம், கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி என்று 2025-26 மாநில நிதிநிலை அறிக்கை அறிவித்தது. பழையதும் புதியதும் ஒரே வீட்டில் இருக்கப் போகின்றன. இந்த வாய்ப்பையும் கறுப்புத் திரையின் சில நொடிகளுக்கு விட்டுவிடக் கூடாது.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆகிய ஊர்களில் உள்ள ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு லினக்ஸ் பயனர் குழு வேண்டும். நிர்வாகம் ஓர் அறையும் சனிக்கிழமை மாலையும் கொடுத்தால் போதும். தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்க் கணிமையும் சாஸ்திரா பல்கலைக்கழகத்தில் பொறியியலும் இருக்கின்றன. இரண்டையும் ஒரே மேசையில் உட்கார வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். ஆண்டுக்கொரு முறை கல்லூரிகளுக்கிடையே போட்டி வைக்கலாம். பத்து பழைய மடிக்கணினிகள், ஒரு பகல். யார் அதிகம் உயிர்ப்பிக்கிறார்கள், தமிழ்த் தட்டச்சோடும் பிரிண்டரோடும் யார் ஒழுங்காக ஒப்படைக்கிறார்கள் என்று பார்க்கட்டும். ஒருவர் டெபியன் கொண்டு வரட்டும், ஒருவர் மின்ட், ஒருவர் ஃபெடோரா. பாஸுக்கும் ஒரு குழு இறங்கட்டும்.

கடைக்காரர்களை விட்டுவிட்டு இது நடக்காது. மடிக்கணினியைத் துடைத்து விண்டோஸ் போட்டவரும் அவர்தான். நாளை லினக்ஸ் போடப் போகிறவரும் அவர்தான். அந்தந்த ஊர்க் கணினிக் கடை மெக்கானிக்குகளுக்குப் பயிற்சி கொடுத்து, லினக்ஸ் போட்டுத் தருவதற்கும் கூலி வாங்கலாம் என்று காட்ட வேண்டும். இலவச மென்பொருளை நிறுவுவது இலவச வேலை ஆகாது. எழுத்துரு மாற்றம், பிரிண்டர் அமைப்பு, ஆண்டுப் பராமரிப்பு என்று அவருக்கு வருமானம் இருந்தால், “எடுத்துடவா?” என்று கேட்டவரே “இருக்கட்டும் தம்பி” என்பார்.

பள்ளிக்கு ஒரே ஒரு கோரிக்கை: பாடநூலில் உள்ள உபுண்டு ஆய்வகக் கணினியிலும் இருக்கட்டும், செய்முறைத் தேர்வும் அதிலேயே நடக்கட்டும். அரசுக்கு ஒன்று: புதிய மடிக்கணினியில் எந்த லினக்ஸைக் கொடுத்தாலும், அதற்குப் பதில் சொல்ல மாவட்டத்துக்கு ஒருவரையாவது பொறுப்பாக்குங்கள். கட்சி கட்டும் வேலையை மட்டும் அரசால் செய்ய முடியாது. அதை விடுதி அறைகளும் ஆசிரியர் ஓய்வறைகளும் ஜெராக்ஸ் கடைகளும்தான் செய்தாக வேண்டும்.

எந்த லினக்ஸிலிருந்து தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு என் பதில் டெபியன். உறுதியானது, பொறுமையானது, பழைய கணினியையும் கைவிடாதது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்தான். இல்லை என்கிறவர்கள் உங்கள் மடிக்கணினியோடு வாருங்கள், பேசித் தீர்த்துக்கொள்வோம்.

(கட்டுரையாளர்: கட்டற்ற மென்பொருள் பயிற்றுநர், தஞ்சாவூர்)